மேட்டுக் குழாய்

வாளி நிறையும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நிமிடம் எண்ணுவேன். ஓர்ஸ் ஹில்லில் வீட்டுக்காரி மேபிள் அன்ரிக்குப் பள்ளக் குழாய், வாடகைக்குக் குடியிருந்த எங்களுக்கு மேட்டுக் குழாய்.

"ரெண்டு வீட்டுக்கும் தண்ணி அரை மணித்தியாலம்தான். இதில என்ன அநியாயம்?" என்பார் அன்ரி. அந்தத் தண்ணீரில் நாயையும் குளிப்பாட்டுவார். அம்மா எங்கள் மூவரையும் ஒரே வாளியில் குளிப்பாட்டுவார்.

எண்ணிப் பார்த்தேன். அன்ரியின் வாளி நிறைய மூன்று நிமிடம். அதே அளவு வாளிக்கு எங்களுக்குப் பத்து. அரை மணித்தியாலத்தில் அங்கே பத்து வாளி, இங்கே மூன்று.

வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பங்குச் சுவாமி வந்த அன்று, அவர் முன்னால் கேட்டேன்.

"அன்ரி, நேரம் ஒண்டுதானே. அப்ப குழாயை மாத்துவமோ?"

"ஓம், மாத்துங்கோவன்," என்றார் சுவாமி.

மறுநாள் அன்ரி மேட்டில் வாளியோடு காத்து நின்றார். பள்ளத்தில் நான் அவருடைய நாயை ஆறுதலாக, அவசரமில்லாமல் குளிப்பாட்டினேன்.

இப்போதும் வாளியை வழியவிட்டுத்தான் குழாயை மூடுவேன்.