ரெண்டு சீட்டு வண்டி வாங்கப் போன சனிக்கிழமை

போனவர்கள்: நான், பேர் சவரி. நெல்லிக்குப்பத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறேன். என் அக்கா லூர்து. அக்கா மகன் ஜோசப். டிப்ளமா படித்துவிட்டு சென்னையில் சூப்பர்வைசராக இருக்கிறான், கல்யாண மாப்பிள்ளை. என் வீட்டுக்காரியின் தம்பி ஏழுமலை. எலக்ட்ரீசியன், வாய் ஜாஸ்தி.

2009, பொங்கல் முடிந்த சனிக்கிழமை. மாதா கோயிலில் ஜோசப்புக்கு ரெண்டு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தாகிவிட்டது. ஒரு ஓலை பாக்கி. அது முடிந்தால் கல்யாணம்.

ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து ஊர்வலம் விடுவது வழக்கம். முன்னால் பேண்ட் செட் நடக்கும், பின்னால் கார் அதே வேகத்தில் வரும். கோயிலில் தாலி கட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் அதே காரில் வீட்டுக்கு வருவார்கள்.

கடலூரில் அப்படி ஒரு வாடகைக் கார் வைத்திருப்பவரிடம் போனில் பேசினேன். நாலாயிரம் என்றார். தேதி குறித்துக்கொண்டார். எந்தத் தெரு என்றார். சொன்னேன்.

"அது சின்னத் தெருவாச்சே. வண்டி திரும்பாதுங்க."

அவர் எங்கள் தெருவைப் பார்த்ததே இல்லை. கரும்பு ஏற்றிய டிரெய்லரை நான் அந்தத் தெருவில் திருப்புகிறேன். இன்னொருவரிடம் கேட்டேன். அவருக்கும் திரும்பவில்லை. தெருவின் பேரைக் கேட்ட பிறகுதான் ரெண்டு பேருக்கும் அகலம் ஞாபகம் வந்தது.

அக்கா அழவில்லை. "அப்ப நாமளே ஒண்ணு வாங்கிடுவோம்" என்றாள். ஜோசப்புக்கு பைக் வாங்கக் கட்டிவந்த சீட்டை எடுத்தாள். எண்பத்தைந்தாயிரம் ரூபாய்.

ஏழுமலைக்கு ரெண்டு வண்டி தெரியும். ரெண்டும் ஒரே கம்பெனி. ஃபைபர் உடம்பு, ரெண்டு சீட்டு, கூரை திறக்கும். ஸ்போர்ட்ஸ் கார் என்பார்கள். சிதம்பரத்தில் இருப்பது முதன்முதலில் வந்த 1999 மாடல். கடலூரில் இருப்பது அதற்கு அடுத்து வந்த 2004 மாடல்.

காலை 7.10. டவுன் பஸ், ஆளுக்கு ஐந்து ரூபாய். நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆலை வாசல் வரை கரும்பு டிராக்டர்கள் வரிசை. என் டிராக்டர் மட்டும் அன்று வீட்டில் நின்றது.

8.00. திருப்பாதிரிப்புலியூர், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். வண்டிக்காரர் ஒரு பாத்திரக்கடை முதலாளியின் மகன். இருபத்தைந்து வயது இருக்கும்.

"ஓனர் வரலியா?" என்றார்.

"வந்திருக்காங்க" என்று அக்காவைக் காட்டினேன்.

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. ஜோசப்பின் ஷூவைப் பார்த்தார். சாவியை அவனிடம் கொடுத்தார். ஜோசப்புக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவன் என்னிடம் கொடுத்தான்.

"டிரைவரா? பாத்து ஓட்டு" என்றார். எனக்கு நாற்பத்தாறு வயது. 'ஓட்டுங்க' என்று சொல்ல அவர் வாய்க்கு வரவில்லை.

வண்டி நல்ல சிவப்பு. கதவில் கீறல் இல்லை. உள்ளே இறங்கினால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் ஒரு வளைந்த இரும்புக் கம்பி, அதன் அடியில் ரெண்டு பெரிய ஸ்பீக்கர்.

"நூத்தி நாப்பது போவும்" என்றார்.

"மூணு போவுமா?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. ஏழுமலையை முன்னால் நடக்கச் சொன்னேன். அவன் வயிற்றில் டிரம் கட்டியிருப்பதுபோல ரெண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நடந்தான். நான் பின்னால் ஓட்டினேன். ஸ்டேஷன் தெருவில் ரெண்டு தடவை போய்வந்தேன். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை கிளட்ச் கருகும் வாசனை வந்தது.

முதலாளி மகன் ஓடிவந்தார். "என்னய்யா பண்ற? இது ஸ்போர்ட்ஸ் காரு. எரும மேய்க்கிற வண்டியில்ல."

அக்கா சொன்னாள்: "எரும மேச்சிருந்தா இந்நேரம் ரெண்டு லிட்டர் பாலாவது கறந்திருப்போம் தம்பி."

எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி ஆனது அவர் முகம். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்றார். நாங்கள் திரும்பி நடந்தோம். தெரு முனையில் கூப்பிட்டார். எண்பத்தெட்டு என்றார்.

"மூவாயிரந்தான மாமா, நான் போட்டுக்கறேன்" என்றான் ஜோசப். அவனுக்கு அந்தச் சிவப்பு பிடித்துவிட்டது. "ரேடியேட்டர மட்டும் பாத்துட்டா போதும்."

அப்போது அக்கா கேட்டாள். "தம்பி, நீ ஓட்டுவ. இவன் பக்கத்துல உக்காருவான். பொண்ணு எங்கடா உக்காரும்?"

ரெண்டு சீட்டு என்று நாலு பேரும் ஒரு வாரமாகப் பேசியிருக்கிறோம். மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்றே எல்லாரும் எண்ணியிருக்கிறோம். ஓட்டுகிறவனை யாரும் எண்ணவில்லை. ஓட்டுகிற நானும் எண்ணவில்லை.

"கம்பி மேல உக்காரவெச்சுடலாமா?" என்றான் ஏழுமலை.

"உன் பொண்டாட்டிய உக்காரவெச்சுப் பாரு" என்றாள் அக்கா.

9.40. சிதம்பரம் பஸ். நாற்பத்தைந்து கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனிகளின் நெடி வந்ததும் பஸ்ஸில் எல்லாரும் கண்ணாடியை இழுத்துவிட்டார்கள். முன் சீட்டில் ஜோசப் அம்மாவிடம் மெதுவாகப் பேசினான். எனக்குக் கேட்டது.

"கார் வேணாம்மா. சென்னையில ஒரு மண்டபத்த பிடிச்சு முடிச்சுக்கலாம். அங்க யாரும் தெரு கேக்க மாட்டாங்க."

"கேக்கற ஊர்லதான் செய்யணும்" என்றாள் அக்கா. "என் புள்ள நம்ம தெருவுல ஏறி மெயின் ரோடு வழியா கோயிலுக்குப் போவணும். நடந்து இல்ல."



11.15. சிதம்பரம் வடக்கு வீதியை ஒட்டிய சந்து. வண்டிக்காரர் பரங்கிப்பேட்டை பாய். துபாயில் இருந்து சம்பாதித்து வாங்கியது. இப்போது முதுகு வலி, குனிந்து ஏற முடியவில்லை. அக்காவைப் பார்த்து உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

வண்டி மஞ்சள். வெயிலில் வெளுத்த மஞ்சள். துணிக்கூரை ரெண்டு இடத்தில் கிழிசல். ஹெட்லைட் ஒன்று மங்கல். ஜோசப் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் இந்தப் பழைய மாடலில் கம்பி இல்லை. கூரையை மடித்தால் சீட்டுக்குப் பின்னால் பெஞ்சு மாதிரி சமமான மேடை. ரெண்டு பேர் உட்காரலாம். கீழே உட்காருவதை விட ஊர்வலத்தில் நன்றாகத் தெரிவார்கள்.

"எதுக்கு வாங்கறீங்க?" என்றார் பாய்.

சொன்னேன். வாடகைக்காரர்கள் சொன்னதையும் சொன்னேன்.

"தெருவுல திரும்பாதாமா?"

"ஆமா."

பாய் டீயைக் குடித்து முடித்தார். "அதுக்காவ நான் வெல கொறைக்க மாட்டேன். தொண்ணூத்தஞ்சு."

"கேக்கல பாய்" என்றேன். "கூரை கிழிஞ்சிருக்கு. அதுக்குக் கொறைங்க."

சிரித்தார். "ஓட்டிப் பாருங்க, பேசுவோம்."

12.05. நாலு ரத வீதியையும் ஒரு சுற்று வர முடிவு செய்தேன். தேர் போகிற வீதி; அந்த வேகத்துக்குப் பழகின ரோடு. அக்கா பக்கத்து சீட்டில், மடியில் பணப்பை. பின்மேடையில் ஜோசப். அவன் பக்கத்தில் ஏழுமலை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்ணாக.

"நெருங்கி உக்காருங்க மாப்ள. போட்டோ எடுக்கறாங்க."

"செருப்பாலயே அடிப்பேன் உன்ன" என்றான் ஜோசப்.

முன்னால் சிமெண்ட் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று போனது. அதன் பின்னாலேயே அதே வேகத்தில் போனேன். முதல் கியர். கீழ வீதி முழுக்க கிளட்சை மிதிக்கவில்லை. தெற்கு வீதியில் ரெண்டு காலேஜ் பையன்கள், "அண்ணே, தள்ளி விடட்டுமா?" என்றார்கள். ஜோசப், "நிறுத்துங்க மாமா, எறங்கிடறேன்" என்றான். நடுவில் நிறுத்தினால் முள் ஏறுகிறதா என்று சரியாகத் தெரியாது. நிறுத்தவில்லை.

மேல வீதித் திருப்பத்தில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"என்ன ஊர்கோலமா? டிராபிக் நிக்குது. யார் வண்டி? ஓனர் எங்க?" கேட்டது என்னை. பார்த்தது ஜோசப்பின் ஷூவை. ஊர் மாறினாலும் பார்க்கிற இடம் மாறவில்லை.

அக்கா பையை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "நாந்தான் ஓனரு. பின்னாடி இருக்கறது எம்புள்ள. நவுருங்க, மாட்டுவண்டி போயிடுச்சு."

அப்போது நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. போலீஸ்காரர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அன்று காலையிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசிய ரெண்டாவது ஆள் அவர். முதல் ஆள் பாய்.

"ஓரமா போம்மா" என்று விட்டுவிட்டார்.

ஜோசப் இறங்கவில்லை. வடக்கு வீதி வரும் வரை நேராக உட்கார்ந்து வந்தான். ஒரு சுற்றுக்கு ஐம்பது நிமிஷம். முள் பாதியைத் தாண்டவில்லை.

"செவப்பு பெயிண்ட் அடிச்சுக்கலாம்டா" என்றேன் அவனிடம்.

"வேணாம் மாமா. இதே இருக்கட்டும்."

எண்பத்திரண்டாயிரத்துக்கு முடிந்தது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பரை ஏழுமலை டார்ச் அடித்து ஒத்துப் பார்த்தான். பாய் கூரைத் துணி தைக்க ஆள் சொன்னார்.

மாலை 3.00. பெட்ரோல் முந்நூறு ரூபாய். அதே நாலு பேர், அதே ரோடு. குடிகாட்டில் இந்தத் தடவை மூடக் கண்ணாடி இல்லை. நெடி நேராக நெஞ்சுக்குள் போனது. ரோட்டோரம் பிள்ளைகள் அதில்தான் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வருகிற பஸ் எல்லாம் கண்ணாடியை மூடிக்கொண்டு போகிறது. அவர்கள் எதை மூடுவார்கள்?

கடலூர் பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கிறவர் கேட்டார், "எந்த மொதலாளிக்கு எடுத்துட்டுப் போறீங்க?" நான் காற்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோசப் பதில் சொன்னான். "எங்கம்மாவுக்கு."

5.20. எங்கள் தெரு. சிதம்பரத்து வீதியில் மூன்றில் ஒரு பங்கு அகலம்கூட இருக்காது. தேர் வராது. யாரும் கோலம் பார்க்க வர மாட்டார்கள். தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கே போய் ஒரு ரிவர்ஸ் எடுத்தேன். வண்டி திரும்பியது. இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யத்தான் ரெண்டு பேருக்கு மனம் வரவில்லை.

இன்ஜினை அணைப்பதற்குள் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். மேடையில், கதவில், பானெட்டில், அக்கா மடியில். ஏழுமலை "ஃபைபர்டா, ஒடஞ்சிடும்" என்று கத்தினான். யாரும் கேட்கவில்லை. அக்காவும் இறங்கச் சொல்லவில்லை.

"எத்தன பேரு தாங்குது பாரு தம்பி" என்றாள்.

எண்ணினேன். பத்தொன்பது.