ஏழு புள்ளி வரட்டும்

மாலையில் கம்பெனி பஸ் படப்பையில் எங்கள் தெருமுனையில் என்னை இறக்கிவிடும்போது மனதில் ஒரே கேள்விதான் இருக்கும். இன்றைக்கு மகள் என்னிடம் வருவாளா, ஓரகத்தியின் இடுப்பிலேயே ஒட்டிக்கொள்வாளா?

மகளுக்கு ஒன்றரை வயது. நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது கீழ்வீட்டில் இருக்கும் என் கணவரின் அண்ணி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நன்றி சொல்ல வேண்டியவர்மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று தெரியும். தெரிந்தும் படுவேன்.

ஒருநாள் நான் கையை நீட்டியதும் மகள் முகத்தைத் திருப்பி, "பெரிம்மா" என்று அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னாடி, அம்மா வந்துகீறா, போக மாட்டியா?" என்று அக்கா சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் பெருமை இருந்ததா? இருந்தது என்று நினைத்தேன். இல்லை என்றும் நினைத்தேன்.

யூனிஃபார்மில் அடிக்கும் எண்ணெய் வாடைதான் காரணம் என்று மறுநாள் கம்பெனியிலேயே உடை மாற்றிக்கொண்டு போனேன். தாவி வந்தாள். வாடையேதான் என்று முடிவு கட்டினேன். அதற்கடுத்த நாளும் உடை மாற்றினேன், வரவில்லை. பலூன் வாங்கிப் போனேன். அக்காவைப் போலவே கொண்டை போட்டுப் பார்த்தேன். ஒருநாள் பலித்தது மறுநாள் பலிக்காது. சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வராதபோது, வேலையை விடப்போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன்.

"விட்டுடு. அப்புறம் என்னாலதான்னு சொல்லாத," என்றார்.

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடும் எண்ணத்தோடுதான் மறுநாள் ஷிஃப்டுக்குப் போனேன். எங்கள் லைனில் இரும்புத் தண்டு கடையும் மெஷின் ஒன்று உண்டு. மணிக்கொருமுறை ஒரு தண்டை அளந்து, அளவைச் சார்ட்டில் புள்ளியாக வைப்போம். புள்ளிகள் நடுக்கோட்டுக்கு மேலும் கீழுமாகக் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அன்று ஆட்டம் பெரிதாக இருந்தது. ஆபரேட்டரைக் கேட்டேன்.

"மேல போச்சு மேடம், செட்டிங்க கொறைச்சேன். கீழ எறங்கிச்சு, ஏத்தினேன். சும்மா குந்திகினா இருந்தேன்?"

"சும்மாதான் குந்திகினு இருக்கணும். அது தானா ஆடுற ஆட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் நீங்க கை வெச்சா இன்னும்தான் ஆடும். ஒரே பக்கமா வரிசையா ஏழு புள்ளி வரட்டும், அப்ப மெஷின்ல என்னா மாறிச்சுன்னு பாக்கலாம்."

"ஏழு வர்ற வரைக்கும் மனசு கேக்காதே மேடம்!"

கேட்காதுதான். பலூனும் கொண்டையும் நினைவுக்கு வந்தன. அன்று நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

அதன்பின் எதையும் மாற்றாமல், அதே எண்ணெய் வாடையோடு வீட்டுக்குப் போனேன். வந்தாள். வரவில்லை. வந்தாள், வந்தாள், வரவில்லை. ஏழு ஒருபோதும் சேரவில்லை. புத்திக்கு நிம்மதிதான். ஆனால் வராத நாளில் அக்காவின் கழுத்தில் கிடக்கும் அந்தச் சின்னக் கைகளைப் பார்க்கும்போது எந்தச் சார்ட்டும் உதவிக்கு வரவில்லை.

போன வாரம், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே அக்கா சோற்றுக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"மூணு நாளா இதே கததான். உங்கம்மா பஸ்ஸு சத்தம் கேட்டா போதும், ஊட்டிகினு இருக்கறவ யாரோ எவளோ," என்று மகளைப் பார்த்துச் சொன்னார். இந்தமுறை சிரிக்கவில்லை.

அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

'மூணுதானே அக்கா' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில் மகளைத் தூக்கி இறுக்கமாக அணைத்துக்கொண்டேன்.