பதில் போடாதவர்கள்

செய்தி வந்தபோது காலை மணி பத்து இருபது. உசுய் தொமொயே கணினி அச்சிட்டுத் தந்த நீளத் தாளை மேசையில் விரித்துவைத்துச் சிவப்புப் பேனாவால் பிழை தேடிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் பேசியவர் துறைமுகப் பக்கத்துக் காவலர். குளிரில் குழாய் வெடித்து மேல்வீட்டுத் தண்ணீர் ஒழுகுவதாகக் கீழ்வீட்டார் புகார் சொல்ல, கதவை உடைத்திருக்கிறார்கள். உள்ளே அவளுடைய அண்ணன் ஷிகேரு இறந்து எட்டு நாளாகியிருந்தது.

"சாப்பாடு இல்லாமதான்னு டாக்டர் சொல்றாருங்க. உங்கள விட்டா வேற சொந்தம் இல்லையாமே."

"இல்லைங்க" என்றாள். பேனாவை மூடி வைத்தாள்.

கப்பல் கட்டும் பட்டறைத் தொழிலாளியின் மகள் அவள். கல்லூரியில் கணிதம் படித்தவள். ஏழு பேர் வேலை பார்க்கும் சின்னக் கணினி நிறுவனத்தில், ஒன்பது வரி விதியை மூன்று வரியில் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். போன வருஷம் வட்டார அலுவலகத்தின் வறியோர் உதவிப் பிரிவு அவளைத் தேடி வந்தது அதற்காகத்தான். விண்ணப்பித்தவருக்கு உதவி உண்டா இல்லையா என்று கணினியே தர்க்கத்தால் முடிவு சொல்ல வேண்டும்.

உதவி கொடுக்கும் முன் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கடிதம் போட்டுக் கேட்பது அங்கே வழக்கம்: இவரை உங்களால் ஆதரிக்க முடியுமா? 'முடியும்', 'முடியாது' என்று இரண்டு சொல் இருக்கும். ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்ப வேண்டும். பாதிப் பேர் அனுப்புவதே இல்லை.

"பதில் போடாதவங்கள என்னன்னு எழுதறது?" என்று அன்றைக்குத் தொமொயே கேட்டாள்.

பிரிவுத் தலைவர் ஹண்டா காபி டின்னைக் குலுக்கினார். "முடியாதவன் மொத ஆளா எழுதிப் போட்டுருவான். சும்மா இருக்கான்னா வசதியா இருக்கான்னு அர்த்தம்."

"தெரியலன்னு ஒரு கட்டம் வைக்கலாமேங்க" என்றாள் எழுத்தர் நிஷிவாகி.

"வச்சா எல்லாரும் அந்தக் கட்டத்துலதான் கெடப்பாங்க. பதிவுல இல்லாதது இல்லவே இல்ல. மெஷினுக்கு அது போதும்" என்றாள் தொமொயே.

"அப்ப உங்க மெஷின் எங்க மாமியார் மாதிரி. நான் வாயத் திறந்து சொல்லலன்னா எனக்குக் காய்ச்சலே வரலம்பாங்க."

மூவரும் சிரித்தார்கள். தொமொயே இரண்டு வரி எழுதினாள். 'முடியாது' பதிவில் இல்லையென்றால் ஆதரவு உண்டு. ஆதரவு உண்டென்றால் உதவி இல்லை. பழைய கோப்புகள் இருநூறில் ஓட்டிப் பார்த்தார்கள். அதிகாரிகள் எடுத்த முடிவோடு மூன்றைத் தவிர எல்லாம் ஒத்துப்போயின. அதற்குப் பிறகு கணினி சொன்னதன் அடியில் முத்திரை வைப்பது மட்டுமே அலுவலர்களின் வேலையாயிற்று.

நவம்பரில், ஷிகேரு உதவி கேட்டு விண்ணப்பித்ததால், அந்தக் கடிதம் அவளுக்கே வந்தது. பட்டறை மூடியதில் வேலை போன ஷிகேரு குடிக்கப் பழகியிருந்தான். அவளுடைய நிச்சயதார்த்த விருந்துக்குக் குடித்துவிட்டு வந்து, மாப்பிள்ளை வீட்டார் நடுவே உட்கார்ந்து அழுதான். கல்யாணம் நின்றுபோனது. அப்புறம் இரண்டு வருஷம் அவள் அவன் முகத்தில் விழிக்கவில்லை. முடியும் என்று எழுத மனம் வரவில்லை. முடியாது என்று எழுதினால் அது நிஷிவாகியின் கைக்குத்தான் போகும். வியாழன்தோறும் வேலையாக அந்த அலுவலகத்துக்குப் போய் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும். பதில் போடாவிட்டால் என்னவாகும் என்பது அந்த ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். யாராவது கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று இருந்துவிட்டாள். யாரும் கேட்கத் தேவையில்லாதபடி செய்து கொடுத்தவளும் அவள்தான்.

செய்தி வந்த அன்று பிற்பகலே வட்டார அலுவலகம் போய் அண்ணனின் கோப்பைக் கேட்டாள். நிஷிவாகி விசையைத் தட்டினாள். முடிவுக்குக் காரணம் கேட்டால் கணினி படிப்படியாகச் சொல்லும். தொமொயே ஆசையாகச் சேர்த்த வசதி அது.

*ஏன் உதவி இல்லை? ஆதரவு உண்டு.*
*யாருடைய ஆதரவு? தங்கை, உசுய் தொமொயே.*
*எப்படித் தெரியும்? 'முடியாது' பதிவில் இல்லை.*

நிஷிவாகி இரண்டு தடவை படித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "மூணு வாட்டி வந்தாருங்க. என் தங்கச்சி படிச்சவ, அவள இதுல இழுக்காதீங்கன்னு கெஞ்சினாரு. கடிதமெல்லாம் மெஷினே அடிச்சுப் போட்டுருது, யாருன்னு நான் கேக்கல. அத எழுத எடமும் இல்ல."

பின்னாலிருந்து ஹண்டா எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் பெயர் அவர் கண்ணில் படவில்லை; தங்கச்சி என்றது மட்டும் காதில் விழுந்திருந்தது. "செத்துப்போன கேஸா? விதிப்படிதான சொல்லியிருக்கு. தங்கச்சிக்காரி இருந்தும் பாக்கலன்னா மெஷின் என்ன பண்ணும்?"

"சரியாத்தான் வேலை செய்யுது" என்றாள் தொமொயே.

ஏப்ரலில் இன்னும் இரண்டு அலுவலகங்கள் அந்தக் கணினி ஏற்பாட்டை வாங்கின. அந்த இரண்டு வரியும் அப்படியே போயின.

கடிதம் இன்னும் அவள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பெயர், முகவரி, உறவு என்ற இடத்தில் தங்கை, எல்லாம் அவள் கையெழுத்தில். கீழே, கையொப்பத்துக்குப் பதிலாக இடும் தன் பெயர் பொறித்த சிவப்பு முத்திரையும் வைத்திருக்கிறாள். வட்டம் மட்டும் போடவில்லை.