காது மெஷினுக்கு வைத்த பொட்டு

இன்று மகள் வள்ளியோடு மலையிறங்கி, முள்ளுக்குறிச்சியில் பஸ் பிடித்துச் சேலம் போய் வந்தேன், தோழிகளே. காது மந்தமான அவளுக்கு வாங்கிய மெஷின் பத்தே நாளில் நின்றுபோனது.

"ஒரு வருச கேரண்டிங்க, மாத்திக் குடுங்க" என்று ரசீதை நீட்டினேன்.

கடைக்காரர் காதில் செருகும் குமிழின் துளையை ஊசியால் கிளறினார். மஞ்சளாக உதிர்ந்தது.

"என்னங்கம்மா இது?"

"சந்தனமுங்க. வெள்ளிக்கிழமை பூசையில பொட்டு வச்சேன்."

"நல்லவேளை, தேங்காய் உடைக்காம விட்டீங்க! ஈரம் உள்ள எறங்கிருச்சு. இதுக்குக் கேரண்டி செல்லாதுங்க" என்று சிரித்தார்.

"பேரு சொல்லிக் கூப்பிட்டா இப்பத்தானுங்க திரும்பிப் பாக்க ஆரம்பிச்சா" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, நின்றுபோன மெஷினைத் துடைத்து அப்படியே என் கையில் வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் வள்ளி அதைக் காதில் செருகிக்கொண்டு என் வாயையே பார்த்தாள். நான்தான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. என் கன்னத்தைத் தட்டி, பேசு என்று சைகை காட்டினாள்.

"கண்ணு, கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

மெஷின் கெடக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் அந்தப் பொட்டை வைத்தேன். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காத மகராசி உங்களில் யாராவது இருந்தால் எழுதுங்கள்.