ஜீயில் நின்ற கல்குலேட்டர்

அனுஷியாவுக்கு அடுப்பில் வைத்த பால் மறக்கும், குடை பஸ்ஸிலேயே போய்விடும். நாகேந்திரத்தை மட்டும் அவள் நாற்பது வருடமாக மறக்கவில்லை. மறக்க விரும்பவுமில்லை.

எண்பத்தாறில் இருவரும் நில அளவை படித்தார்கள். இறுதிப் பரீட்சையில் முதலாவதாக வருபவருக்கு வெளிநாட்டில் பயிற்சி. எல்லாத் தவணையும் அவள்தான் முதல், அவன் இரண்டாவது. சிங்கப்பூர் மாமா அனுப்பிய சயன்டிபிக் கல்குலேட்டர் அவளிடம் மட்டும் இருந்தது. பரீட்சையன்று காலை, "ஒருக்காத் தாரும், ஒரு விடை பாத்திட்டுத் தாறன்" என்று வாங்கினான். அது திரும்பி வந்தபோது, கோண அலகை மாற்றும் சின்னச் சுவிட்ச் D என்ற டீயிலிருந்து G என்ற ஜீக்குப் போயிருந்தது; அவள் கவனிக்கவில்லை. டீயில் செங்கோணம் தொண்ணூறு, ஜீயில் நூறு. அவள் போட்ட கோணமெல்லாம் பிழைத்தது. பெயில்.

பிறகு கேட்டதற்கு, "கைபட்டிருக்கும்" என்று சிரித்தான். முதலாவதாக வந்து பிளேன் ஏறினான். அவள் ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் மற்றவர்கள் அளந்த காணிகளுக்குப் படம் கீறினாள்.

போன மாதம் கனடாவிலிருந்து நாகேந்திரத்தின் போன் வந்தது. "அனுஷியா, கொழும்பில நடக்கிற பழைய மாணவர் கூட்டத்தில அந்தக் காலத்துக் கல்குலேட்டர்களைப் பற்றிக் கதைக்கப் போறன். உம்மடை இருக்கே?"

"ஓம், பத்திரமா இருக்கு."

புதுப் பேட்டரி போட்டாள். பஞ்சால் துடைத்தாள். கடைசியாக நகத்தால் சுவிட்சை ஜீக்குத் தள்ளினாள். வாழ்நாள் முழுக்க டீயில் கணக்குப் போட்டவர்கள் அந்தச் சுவிட்சைப் பார்ப்பதே இல்லை. அன்றைக்கு அவளும் பார்க்கவில்லையே.

வெள்ளவத்தை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசைகளில் இப்போது படிக்கும் பிள்ளைகள். கோட்டுப் போட்ட நாகேந்திரம் அவள் கொண்டுவந்து கொடுத்த கல்குலேட்டரைக் கேமராவுக்குக் கீழே வைத்தான். பின்னால் பெரிய திரை.

"சைன் முப்பது. விடை என்ன?"

"அரை!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

திரையில் 0.4539905 என்று வந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் திரும்ப அழுத்தினான். அதே விடை. சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. அவன் குனிந்து பார்த்தான். சுவிட்சைக் கண்டதும் முகம் வெளிறியது.

அனுஷியா எழுந்தாள். "என்ன பிழை, நாகேந்திரம்? பிள்ளையளுக்குச் சொல்லும்."

"சுவிட்ச்... ஜீயில நிக்குது."

"கைபட்டிருக்கும்" என்றாள் அவள்.

அவள் மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"பிள்ளையள், சோதனைக்குப் போக முதல் இந்தச் சுவிட்சைப் பாருங்கோ. எண்பத்தாறில நான் பாக்கேல்லை. சோதனையண்டு காலமை இந்த நாகேந்திரம் சேரிட்டை இதைக் குடுத்துத் திருப்பி வாங்கினனான்."

முன்வரிசைப் பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவளுக்கு அது தேனாக இனித்தது. அவள் கல்குலேட்டரை எடுத்து, சுவிட்சை டீக்குத் தள்ளி, கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.