சுவரில் வழியும் தண்ணீர்

பினாங்கு ஜெலுத்தோங்கில் ரமணியை ‘கல்லு படிச்ச பொண்ணு’ என்று சொன்னால்தான் தெரியும். கூடப் படித்தவர்கள் மருத்துவம், சட்டம் என்று போனபோது இவள் பல்கலைக்கழகத்தில் புவியமைப்பியலை எடுத்தாள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், "கல்லுல படிக்க என்னாம்மா இருக்கு?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டது. அவர்கள் உட்கார்ந்திருந்த தரைக்குக் கீழே என்னென்ன இருக்கிறது என்று அரை மணி நேரம் விளக்கினாள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுபோனது. அடுத்து வந்தவர் விளக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு இன்னொரு கோப்பை தேநீர் கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

பத்து வருடங்கள் மண்சரிவுகளை ஆராயும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். எங்கே சரிந்தாலும் மறுநாள் சேற்றுக் காலோடு அங்கே நிற்பாள். பினாங்கில் அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. மலையை வெட்டி வீடு கட்டுகிறோம், வீட்டுக்கு மேலே ரோடு போடுகிறோம், ரோட்டுக்கு மேலே மறுபடியும் வீடு கட்டுகிறோம். பிறகு மழையைத் திட்டுகிறோம்.

ஒருமுறை சமையலறைக்குள் மண் வந்து நின்ற ஒரு வீட்டுக்குப் போனாள். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரில் விரிசல் எப்போது வந்தது என்று வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"அது தீவாளிக்கு முன்னயே வந்துருச்சு லா. பெயிண்ட் அடிச்சு மறைச்சிட்டோம்" என்றார் அவர்.

வீடு திரும்பும் வழியில் காரிலேயே அழுதாள். தன் அறிக்கைகள் எல்லாம் விழுந்த பிறகு எழுதியவை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. விழுவதற்கு முன்னால் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? முப்பத்து மூன்று வயதில் வேலையை விட்டுவிட்டு, பட்டதாரிகளுக்கான ஒரு வருட ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தாள். "நல்லது, இனிமே பிள்ளைங்க கேட்டுக்கட்டும்" என்றார் கணவர்.

பயிற்சியின் முக்கியமான பகுதி, ஒரு பள்ளியில் போய் உண்மையாகவே பாடம் நடத்துவது. அவளுக்கு ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் படிக்கும் மூன்றாம் படிவம் கிடைத்தது. பாடம் பூமியின் அமைப்பு. பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் அஸ்ஹர் அவ்வப்போது வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். ஒருநாள் அவருக்கு முன்னால் ரமணி பிள்ளைகளைக் கேண்டீனுக்குப் பின்னாலிருந்த மேட்டுக்கு அழைத்துப்போய், சரியப்போகும் நிலத்தின் அறிகுறிகளைக் காட்டினாள். விரிசல், சாய்ந்த மரம், திறக்க அடம்பிடிக்கும் கதவு, சுவரிலிருந்து கசியும் தண்ணீர். ‘மிகச் சிறப்பு’ என்று எழுதினார் அஸ்ஹர். ரமணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவரவர் வீட்டுப் பக்கம் இதையெல்லாம் தேடிப் பார்த்து வரச் சொல்லி வீட்டுப்பாடமும் கொடுத்தாள்.

அடுத்த வாரம் முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். தொழிற்சாலைச் சீருடையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மகள் ஸ்ரீநிதி. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் பெண். கண்கள் உள்ளே போயிருந்தன.

"என்னா டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க இதுக்கு? மழ பெஞ்சா போதும், ஸ்கூல் பேக்க தூக்கிக்கிட்டு எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புல போயி ஒக்காந்துக்குது. தூங்க மாட்டேங்குது. தம்பியையும் இழுத்துக்கிட்டுப் போவுது. நான் நைட் ஷிஃப்டுல இருக்கேன், யாரு பாக்குறது?"

ஸ்ரீநிதி நிமிர்ந்து ஒன்றுதான் கேட்டாள். "டீச்சர், எங்க ஃப்ளாட்டுக்குப் பின்னால சுவத்துலேருந்து தண்ணி வருது. வீடு விழுந்திருமா?"

"நான் வந்து பாக்குறேன்மா" என்றாள் ரமணி. நேரில் பார்க்காமல் எதையும் சொல்லாதே என்று பத்து வருட வேலை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அம்மாவும் மகளும் வெளியே போனதும் முதல்வர் நேராகப் பேசினார். போய் விழாது என்று சொல்லிவிட்டு வாருங்கள், விஷயம் முடிந்துவிடும். இல்லையென்றால் புகாரைக் கல்லூரிக்கு அனுப்பவேண்டி வரும். அனுப்பினால் பயிற்சி அதோடு நின்றுவிடும் என்பது ரமணிக்குத் தெரியும். அதைவிட அந்தக் குழிவிழுந்த கண்கள்தான் அவளை வதைத்தன. காப்பாற்றுகிறேன் என்று வந்து ஒரு குழந்தையின் தூக்கத்தைக் கெடுத்தாகிவிட்டது. நான் இந்த வேலைக்கு லாயக்கானவளா என்ற கேள்வி அன்று முழுவதும் அவளைக் குடைந்தது.

சனிக்கிழமை மழை விட்டதும் அந்த ஃப்ளாட்டுக்குப் போனாள். பின்னால் மலையை ஒட்டி உயரமான கான்கிரீட் தாங்குசுவர். வரிசையாகப் பதித்திருந்த பிளாஸ்டிக் குழாய்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்ரீநிதி சுவரிலிருந்து தள்ளியே நின்றாள்.

ரமணி சுவரைத் தடவிப் பார்த்தாள். புடைப்பு இல்லை, விரிசல் இல்லை. குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்தினாள். தெளிவாக இருந்தது. அப்போதுதான் தன் தவறு என்ன என்று அவளுக்குப் புரிந்தது. விழுந்த இடங்களுக்கு மட்டுமே போய்ப் போய், நன்றாக நிற்கும் சுவர் எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. எல்லா நோயையும் சொல்லிக்கொடுத்தவள், ஆரோக்கியத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இங்க வாம்மா. இந்தத் தண்ணி வரணும். வரத்தான் இந்தக் குழாய வச்சிருக்காங்க. மழத் தண்ணி மண்ணுக்குள்ளயே தேங்கிச்சுன்னாதான் சுவர தள்ளும். தெளிவா வந்தா நல்லது. சேறா வந்தாலும் தப்பு, மழயில வராம இருந்தாலும் தப்பு. இத நான் கிளாஸ்ல சொல்லல. என் தப்பு."

ஸ்ரீநிதி மெல்லக் கிட்டே வந்தாள். குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவள், மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு மேலே இருந்த ஒன்றின் கீழ் நின்றுவிட்டாள். "டீச்சர், இதுல வரல."

குழாய்க்குள் ஏதோ துணி அடைத்திருந்தது. யார் அடைத்தது என்று ரமணி கேட்டாள்.

"நான்தான்" என்றார் அம்மா. கட்டியிருந்த கைகள் இறங்கின. "மோட்டோ சீட்டு நனஞ்சு போவுது, வேலைக்குப் போறப்ப ஈரத்துல ஒக்கார வேண்டியிருக்கு."

ரமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அம்மாவே எக்கித் துணியைப் பிடுங்கினார். தேங்கியிருந்த கலங்கல் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அவர் சீருடையை நனைத்தது. ஸ்ரீநிதி வாய்விட்டுச் சிரித்தாள். சற்று நேரத்தில் தண்ணீர் தெளிந்து வரத் தொடங்கியது.

"அப்ப விழாதுல்ல?" என்று அம்மா கேட்டார்.

முதல்வர் சொல்லச் சொன்ன வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ரமணி அதைச் சொல்லவில்லை. "விழவே விழாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாதுக்கா. இன்னிக்கு நல்லா நிக்கிது. மாறிச்சுன்னா எப்படித் தெரியும்னு இவளுக்குத் தெரியும். யாருக்கு போன் பண்ணணும்னு எழுதிக் குடுத்திட்டுப் போறேன்."

அம்மா மகளையே பார்த்தார். பிறகு, "சரி, மைலோ குடிச்சிட்டுப் போங்க" என்றார். புகார் கல்லூரிக்குப் போகவில்லை.

கடைசி மதிப்பீட்டுக்கு அஸ்ஹர் வந்தது ஒரு மத்தியானம். நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. பாடம் பாதியில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ரமணி குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. இரண்டாவது வரிசையில் ஸ்ரீநிதி ஜன்னலைப் பார்த்தாள், கொட்டாவி விட்டாள், மேசைமேல் தலையைச் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்துகொண்டது.

பக்கத்துப் பெண் அவளை எழுப்பக் கையை நீட்டினாள். ரமணி வேண்டாம் என்று தலையசைத்தாள். குரலையும் தாழ்த்திக்கொண்டாள். கடைசி பெஞ்சில் அஸ்ஹர் ஏதோ குறித்துக்கொண்டார்.

பாடம் முடிந்ததும் அவர் அதைத்தான் முதலில் கேட்டார். "முன்னால் ஒரு மாணவி தூங்கினாள். நீங்கள் பார்த்தீர்கள். ஏன் எழுப்பவில்லை?"

ரமணி வெளியே பார்த்தாள். மழை விடவில்லை.

"மழை பெய்கிறதே சார்" என்றாள் மலாயில்.

அவருக்குப் புரியவில்லை. வகுப்புக் கட்டுப்பாட்டுக்கான மதிப்பெண்ணில் கை வைத்துவிட்டார். மற்றதிலெல்லாம் தேறியிருந்தாள். ஏன் குறைத்தீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை.