ஏசி நின்ற பிறகு வந்த சத்தம்

நாத்தனார் தன் அண்ணியைப் பற்றி எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். குறை சொல்லத்தான் எழுதுகிறாள் என்பார்கள், இல்லையென்றால் ஊருக்காகப் புகழ்கிறாள் என்பார்கள். இரண்டும் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல இரண்டும் உதவாது.

இன்னும் கட்டாத வீடுகளைக் காட்டுவதுதான் என் அண்ணியின் வேலை. பில்டர்கள் வரைபடம் கொடுப்பார்கள். அண்ணி அதைக் கம்ப்யூட்டரில் சுவரும் படியும் ஜன்னலுமாக எழுப்பி, ஒரு ஆள் கதவைத் திறந்து உள்ளே நடந்து போவது போல வீடியோவாக்கித் தருவாள். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் வீடு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். ஜன்னல் வெயில் தரையில் எந்த இடத்தில் வந்து முடிய வேண்டும் என்று அரைநாள் யோசிப்பாள். இத்தனையும் வாடகை வீட்டுப் படுக்கையறையில், பீரோவுக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு.

பயப்படுவது அவளுடைய இன்னொரு முழுநேர வேலை. கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். பள்ளிக்கூடத்திலிருந்து மகள் வரக் கொஞ்சம் தாமதமானால் தெருமுனையில் போய் நிற்பாள். அண்ணன் அவளுக்கு 'அலாரம்' என்று பட்டப்பெயர் வைத்தான். வீடு முழுக்க அதையே பிடித்துக்கொண்டோம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரிப்பாள். வேறு என்ன செய்வாள், பாவம்.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் செங்கல் பருமனில் ஒரு கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. அவள் கட்டும் வீடுகளையெல்லாம் கணக்குப் போட்டு வரைந்து தள்ளுவது அதுதான். வேலை செய்தால் கொதிக்கும். ஆற்றுவதற்காக அதன் மேலேயே இரண்டு சின்ன ஃபேன் வைத்திருக்கிறார்கள். வெயில் காலம் தொடங்கியதும் ஒருநாள் அண்ணி வேலையை நிறுத்திவிட்டுப் பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டாள்.

"இதுல ஒரு சத்தம் வருதுங்க."

"ஃபேன்னா சத்தம் வராம பாட்டா வரும்?" என்றான் அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் அண்ணன் ஏசி மெக்கானிக். ஊரார் வீட்டு வாசலில் நின்றபடியே, உள்ளே ஓடும் ஏசிக்கு என்ன நோய் என்று காதால் கேட்டுச் சொல்லிவிடுவான். அந்தக் காது சொந்த வீட்டு வாசற்படியைத் தாண்டினால் அடைத்துக்கொள்ளும். அண்ணி சொல்லும்போதெல்லாம், "உனக்குத்தான் எல்லாமே பெருசா கேக்கும்" என்று முடித்துவிடுவான்.

சத்தம் வளர்ந்தது. முதலில் மெல்லிய கரகரப்பு, பிறகு அடித்தொண்டையில் ஓர் ஊளை. கார்டின் சூட்டைக் காட்டும் எண் திரையின் ஓரத்தில் ஏறிக்கொண்டே போகும். அண்ணி ஒரு கண்ணை வேலையிலும் ஒரு கண்ணை அந்த எண்ணிலும் வைத்திருப்பாள். கடைசியில் திரை பொசுக்கென்று கறுத்துவிடும். அதுவரை உருவான வீடியோ போயிற்று, மறுபடி முதலிலிருந்து. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தாள். தனக்கு வியர்த்துக் கொட்ட, கார்டுக்குக் காற்று வாங்கிக் கொடுத்தாள்.

இதற்கு நடுவில்தான் ஒரு பில்டர் பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் வீடியோவை அவளிடம் கொடுத்திருந்தார். மகள் பிறந்தபோது வேலையை விட்டவள், பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து பிடித்த முதல் பெரிய வேலை. இரண்டு தடவை நாள் தள்ளிக் கேட்டாகிவிட்டது. பில்டர் ஆபீஸிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"மேடம், போன வாரமும் மெஷின் சரியில்லன்னுதான் சொன்னீங்க. திங்கட்கிழமை காலைல வீடியோ வந்துடணும். வரலேன்னா நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம். அப்புறம் வருத்தப்படாதீங்க."

புதுக் கார்டு வாங்குவது என்ற பேச்சுக்கே வீட்டில் இடமில்லை. வாரண்டி ஒன்றுதான் வழி. கோளாறு இருப்பதாக சர்வீஸ் சென்டர்காரர்கள் ஒப்புக்கொண்டால், ரிப்பேர் முடியும்வரை வேறொரு கார்டை அங்கேயே கையில் கொடுத்துவிடுவார்கள். ஒப்புக்கொண்டால்தானே. முந்தின வாரமே அண்ணி அதைத் தனியாகச் சுமந்துகொண்டு போனாள். இரண்டு நாள் வைத்திருந்து, 'பரிசோதித்ததில் குறை இல்லை' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினாள். ஒரு மணி நேரத்தில் ஊளை.

"அங்க போனா வாயை மூடிக்குதே, நான் என்ன பண்ண?" என்று என்னிடம் கேட்டாள். "ஒருவேளை எனக்குத்தான் மூளை சரியில்லையோ?"

அன்றைக்கு நான் அண்ணனைப் பிடித்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது அச்சில் ஏறக்கூடியதில்லை. சனிக்கிழமை காலை அவன் வேலைக்குப் போகிற வேனிலேயே, ஏணியும் கருவிப் பையும் பின்னால் உருள, நாங்கள் மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கார்டை ஒரு துண்டில் சுற்றி அண்ணி மடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும், "மெதுவாங்க" என்றாள்.

சர்வீஸ் சென்டர் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. நீளமான கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், டோக்கன் கூப்பிடும் பெண்குரல். ஆளுயரக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மேசைமேல், மூடியில்லாத கம்ப்யூட்டர் ஒன்று குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நீலக் கையுறை போட்ட டெக்னீஷியன் எங்கள் கார்டை வாங்கினார், வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார், அதில் மாட்டினார். நல்ல மனிதர்தான். முகம் கொடுத்துப் பேசினார்.

சூடேற்றிப் பார்ப்பதற்கென்றே ஒரு புரோகிராம் வைத்திருக்கிறார்கள். அதை ஓடவிட்டார். ஃபேன்கள் சுழன்றன. பூனை தூங்குவது போல அவ்வளவு சாது. அண்ணி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். திரையில் எண் கொஞ்சம் ஏறியது, நின்றது, அப்புறம் அசையவே இல்லை.

"பாருங்க மேடம்," என்றார் டெக்னீஷியன். "போன தடவையும் இப்படித்தான். கார்டு நல்லா இருக்கு."

"சார், வீட்ல ஊளையிடுது சார். போன்ல பதிவு பண்ணி வச்சிருக்கேன், கேளுங்க."

அவர் கேட்டார். "இது எதோட சத்தம்னு எப்படி மேடம் சொல்றது? மிக்ஸிகூட இப்படித்தான் கேக்கும்." பின்னால் இருந்த யாரோ சிரித்தார்கள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு இதமாகத்தான் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. சில பேருக்குச் சின்னச் சத்தம்கூடப் பெருசா கேக்கும்."

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. துண்டை மடிக்க ஆரம்பித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அதே வார்த்தையை வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பான்? வேற்றாள் வாயிலிருந்து வந்தபோதுதான் அது அவனைச் சுட்டது.

"சார், அவ சத்தம் வருதுன்னு சொன்னா வருது," என்றான்.

"இங்க வரலையே சார்."

"எப்படி வரும்? உங்க ஏசி காத்து நேரா அந்த மேசைமேலதான் விழுது. மூடியும் இல்ல. எங்க வீட்டு ரூம் அடுப்பு மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் ஏசியை நிறுத்திட்டு ஓட்டிப் பாருங்க."

"அதெல்லாம் முடியாது சார். எங்க முறை இதுதான். கஸ்டமர் எல்லாம் உட்கார்ந்திருக்காங்க."

அண்ணன் அண்ணாந்து அந்த ஏசியைப் பார்த்தான். அதன் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். இந்தப் பார்வையை நான் அறிவேன். பல் டாக்டர் கல்யாண வீட்டில்கூட நம் வாயையே பார்ப்பார் அல்லவா, அந்த ஜாதி.

"அது எத்தனை நாளா ஒழுகுது?"

டெக்னீஷியன் முகம் மாறியது. "ரெண்டு வாரமா. ஆளைக் கூப்பிட்டு அலுத்துட்டோம். நேத்து ஒரு கஸ்டமர் வழுக்கி விழப் பார்த்தாரு."

"குழாய் அடைச்சிருக்கு. ஃபில்டர்லயும் அழுக்கு. நான் இப்பவே சுத்தம் பண்ணித் தர்றேன், காசு வேண்டாம். ஆனா நிறுத்திட்டுத்தான் பண்ண முடியும். ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அந்தக் கார்டு ஓடட்டும், நிறுத்தாதீங்க. அவ்வளவுதான்."

டெக்னீஷியன் வாளியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்தார். அண்ணன் வேனுக்கு ஓடி ஏணியோடு வந்தான்.

ஏசி நின்றது. கொஞ்ச நேரம் வரைக்கும் யாருக்கும் உறைக்கவில்லை. அப்புறம் கூடம் மெல்ல வேக ஆரம்பித்தது. ஜனங்கள் டோக்கன் சீட்டால் விசிறிக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து வெளியே போனார், வெளியே இன்னும் மோசம் என்று உள்ளே வந்தார். எல்லார் கண்ணும் ஏணிமேல் நிற்கும் அண்ணனைச் சபித்தது. அண்ணி அதையெல்லாம் பார்க்கவே இல்லை. அவள் கண் திரையில் இருந்த எண்ணில்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். வாழ்நாள் முழுக்கக் கெட்டது நடந்துவிடக் கூடாதே என்று பயந்தவள், அன்றைக்கு நடக்காமல் போய்விடுமோ என்று நடுங்கினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. எண் ஏறும், நிற்கும், இன்னும் கொஞ்சம் ஏறும். சத்தம் மட்டும் இல்லை. அண்ணன் ஃபில்டரைக் கழுவிக்கொண்டு வந்து மாட்டத் தொடங்கிவிட்டான். வேண்டுமென்றே மெதுவாகத்தான் மாட்டினான். ஒரே திருகாணியை மூன்று தடவை கழற்றி முடுக்குவதை நான் பார்த்தேன்.

"வரலையே," என்றாள் அண்ணி என்னிடம். என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "எல்லாரும் பார்க்கறாங்க. போயிடலாமா?"

"வாயை மூடிட்டு நில்லுங்க அண்ணி." எனக்கும் பயம்தான். பயந்தால் எனக்கு வாய் நீளும்.

முதலில் கேட்டவன் அண்ணன். ஏசிக்குள் தலையை விட்டிருந்தவன் கையை உயர்த்தினான். "ஷ்..."

மேசையிலிருந்து ஒரு கரகரப்பு. நின்றது. மறுபடி வந்தது. பிறகு யாரோ வலியில் முனகுவது போலத் தொடங்கி, கூடம் முழுக்கக் கேட்கிற ஊளையாகியது. டோக்கன் சீட்டுகள் விசிறுவதை நிறுத்தின. டெக்னீஷியன் குனிந்து காதை வைப்பதற்குள் திரை கறுத்துவிட்டது.

"ஃபேனோட பேரிங் தேஞ்சு போச்சு," என்றான் அண்ணன் ஏணிமேலிருந்து.

டெக்னீஷியன் கையுறையைக் கழற்றினார். "ஆமா மேடம். நீங்க சொன்னது சரிதான். சாரி."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள். அங்கேயே உட்கார்ந்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கையெழுத்துப் போட்டாள், மாற்றுக் கார்டை வாங்கித் துண்டில் சுற்றினாள். ஏசி ஓட ஆரம்பித்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மேனேஜர் வெளியே வந்து அண்ணனுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

வேனில் ஏறினோம். அண்ணி நடுவில். அண்ணன் சாவியைப் போட்டான், திருகவில்லை.

"நீ அப்பவே சொன்ன. நான்தான் காதுல வாங்கல," என்றான்.

வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே அண்ணி சொன்னாள்:

"இன்னொண்ணும் இருக்குங்க."

"என்ன, இப்ப மானிட்டர் பாடுதா?" என்றேன் நான். சும்மா இருக்காத வாய்.

"கைக்கு அடியில, அக்குள் பக்கம். ஒரு கட்டி மாதிரி இருக்கு. வலிக்கல. ஆனா பெருசாயிட்டே வருது."

அண்ணன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான்.

"எப்ப இருந்து?"

"இந்தக் கார்டு சத்தம் போடறதுக்கு முன்னாடி இருந்தே."

"ஏன் எங்கிட்ட..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். முடித்திருந்தால் நானே அவனை அறைந்திருப்பேன். அதற்கு முன் என்னை.

அவன் வண்டியைக் கிளப்பினான். வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக ஓட்டினான்.

"எங்க போறீங்க? வீடியோ முடிக்கணும். திங்கட்கிழமை காலைல..."

"அந்தக் கட்டடம் இன்னும் கட்டவே இல்லம்மா. கிடக்கட்டும். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல டாக்டர் இருக்க மாட்டாங்க."

அண்ணி துண்டில் சுற்றிய கார்டை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.